நடந்த நீறு

இணுவிலில் ஞானாம்பிகையிடம் விதை இஞ்சி வாங்கப் போகிறவர்கள் தலையில் தண்ணீர் வார்த்துக்கொண்டுதான் போவார்கள். புகையிலைக் கன்றோ வெங்காய விதையோ வாங்குவதற்கு எவரும் குளித்துவிட்டுப் போனதில்லை. ஆனால் அவளுடைய இஞ்சியில் நீறு பூக்கும் என்பது ஊரறிந்த விஷயம். அவள் அள்ளிப் போட்ட கிழங்கில் ஒன்றை எடுத்துக் கண்ணில் ஒற்றி, விரலில் பட்ட வெள்ளையை நெற்றியில் ஒரு கீறாக இழுத்த பிறகே பனையோலைக் கடகத்தைத் தூக்குவார்கள். ஊன்றும்போதும் அந்த நீறு கலையாமல் பக்குவமாக ஊன்றுவார்கள்.

அவள் மீசாலைப் பெண். ஐம்பத்தாறாம் ஆண்டு ஆவணியில் முத்துக்குமாருவைக் கட்டி இணுவிலுக்கு வந்தாள். முத்துக்குமாருவுக்கு மருதனார்மடச் சந்தியில் ஒரு மணிக்கூட்டுக்கடை. கடை என்பது பெரிய பேச்சு. ஒரு மேசை, ஒரு கண்ணாடிப் பெட்டி, வலது கண்ணில் இடுக்கிக்கொள்கிற ஒரு பூதக்கண்ணாடி, அவ்வளவுதான். மணிக்கூட்டின் மயிர்க்கம்பியைத் தொட்டுத் திருத்துகிற மனிதருக்கு மண்வெட்டி பிடிக்க வரவில்லை. வீட்டைச் சுற்றிக் கிடந்த செம்மண் அவள் கைக்கு வந்தது. கிணற்றடியில் குளிக்கிற தண்ணீர் வாழைகளுக்கு ஓடுகிற வழியில், நிழலும் ஈரமும் பார்த்து, அவள் இஞ்சி வைத்தாள்.

எவரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. கெட்டுக் கெட்டுத்தான் பழகினாள். சித்திரையில் ஊன்றுவாள். தை மாதம் இலை மஞ்சளித்துச் சாய்ந்ததும் கிழங்கைக் கிண்டி எடுப்பாள். விதைக்கென்று எடுத்ததை மாமரத்தின் கீழே குழி வெட்டி, மணல் பரப்பி அடுக்கி, குசினி அடுப்புச் சாம்பலை அரித்துத் தூவி, மேலே வாழைச் சருகு போட்டு மூடுவாள். சாம்பல் தூவுவது எல்லோரும் செய்வதுதான். கிழங்கு அழுகாது, எறும்பு அண்டாது.

சில வருடங்கள் போன பிறகு, ஒரு சித்திரையில் குழியைத் திறந்தபோது சில கிழங்குகளில் சாம்பல் ஒட்டிப் பிடித்திருந்தது. பக்கத்தில் நின்றவள் கமலாவதி. முத்துக்குமாருவின் தங்கை, அடுத்த வளவுக்காரி. இரண்டு வீட்டுக்கும் கிணறு ஒன்று.

"மச்சாள், உது சாம்பல் இல்லை. திருநீறு அள்ளிப் பூசினமாதிரி எல்லே கிடக்கு!"

"விசர்க்கதை கதையாதையும்."

"அப்ப ஊதிப் பாருங்கோவன். போகுதோ?"

ஞானாம்பிகை ஊதினாள். தூவிய சாம்பல் பறந்தது. அந்த வெள்ளை மட்டும் போகவில்லை. கமலாவதி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அன்று பின்னேரமே கிணற்றடியில் கதை பரவிவிட்டது.

அடுத்த வருடம் வெள்ளை கூடியது. அதற்கடுத்த வருடம் இன்னும் கூடியது. நீறு பிடித்த கிழங்குதான் நல்ல கிழங்கு என்று அவளுடைய கண் பழகிப்போயிற்று. வெள்ளை இல்லாததைக் கறிக்கு எடுத்தாள். வெள்ளை பிடித்ததை விதைக்கு வைத்தாள்.

ஒன்று மட்டும் அவள் மற்றவர்களைப்போலச் செய்யவில்லை. தன் பாத்திக்கு ஊன்றுகிற விதையைத் தென்னந்தும்பால் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் ஊன்றுவாள். தண்ணீர் கட்டவும் களை பிடுங்கவும் தினமும் அந்தப் பாத்திக்குள் இறங்கி மிதிக்கிறவள் அவள். நீற்றைக் காலால் மிதிப்பது எப்படி? கழுவிய தண்ணீரைக்கூட ஆள் நடக்காத செவ்வரத்தைச் செடி மூட்டில் ஊற்றுவாள். வாங்க வருகிறவர்களுக்கு அப்படிக் கழுவிக் கொடுத்தால் கோபம் வரும். நீற்றுக்காகத்தானே வருகிறார்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அரசாங்கம் மறித்ததால் பிறநாட்டுச் சாமான் வருவது நின்றது. யாழ்ப்பாணத்து மிளகாயையும் வெங்காயத்தையும் தேடி லொறிகள் வந்தன. இஞ்சிக்கும் அந்த யோகம் அடித்தது. வேலியோரத்தில் நாலு மூடு வைத்திருந்தவர்களெல்லாம் தோட்டத்தில் வைக்கத் தொடங்கினார்கள். விதைக்கு எல்லோருக்கும் ஞானாம்பிகை வேண்டும். சந்தியில் முத்துக்குமாருவைப் பகிடி பண்ணுவார்கள்.

"என்ன அண்ணை, வீட்டிலை மனுசி கூப்பிடேக்கை 'இஞ்சேருங்கோ' எண்டு கேக்குதோ, 'இஞ்சியேருங்கோ' எண்டு கேக்குதோ?"

"எப்பிடிக் கூப்பிட்டாலும் எழும்பிப் போறது நான்தானே," என்பார் அவர், கண்ணிலிருந்த கண்ணாடியை எடுக்காமலே.

எழுபத்துநாலாம் ஆண்டு கமலாவதி, வெங்காயம் வைக்கிற தன் தோட்டத் தறை முழுவதிலும் இஞ்சி வைப்பதென்று நின்றாள். அவள் புருஷன் பரமலிங்கம் தயங்கிப் பார்த்தார். அவருடைய பேச்சு எடுபடவில்லை. அந்தமுறை ஞானாம்பிகை குழியைத் திறந்ததும், வேறு எவரும் வருமுன், முதல் வேலையாகக் கமலாவதிக்கென்று விதை பொறுக்கினாள். இடைவெளி இல்லாமல் வெள்ளை பிடித்ததாகப் பார்த்து, ஒவ்வொன்றாகத் தடவி, புதுக் கடகங்களில் நிரப்பி, மேலே வாழையிலை மூடித் தானே தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தாள்.

சித்திரைச் சிறுமாரி பெய்தது. ஊன்றினார்கள். வைகாசி போய் ஆனி பிறந்தது. ஞானாம்பிகையின் வாழைக்குக் கீழே முளைகள் கூராகக் கிளம்பி இலை விரித்துவிட்டன. கமலாவதியின் தறை கொத்திப் போட்டது போட்டபடியே சிவப்பாகக் கிடந்தது. அங்கொன்று இங்கொன்றாக வந்ததும் நோஞ்சானாக நின்றது. பரமலிங்கம் பொறுக்கமாட்டாமல் ஒரு வரியைக் கிண்டிப் பார்த்தார். கிழங்குகள் சுருங்கிச் சப்பையாகிக் கிடந்தன. முளைக்க வேண்டிய கண்கள் காய்ந்து உதிர்ந்தன. ஊரில் மற்றவர்கள் சிலருக்கும் அரையும் குறையும்தான். ஆனால் கமலாவதிக்கு வந்ததைப்போல முழுதாக எவருக்கும் போகவில்லை.

ஒருநாள் காலை ஞானாம்பிகை வாளியோடு கிணற்றடிக்குப் போனாள். வேலிக்கு அந்தப்பக்கம் கமலாவதியின் குரல் கேட்டது.

"ஒரே குழி, ஒரே கிழங்கு. அவவின்ரை வாழைக்குக் கீழை காடாய் நிக்குது. என்ரை தறை சுடலைமாதிரிக் கிடக்கு. அப்ப என்ன நடந்தது?"

"என்னடியப்பா நடந்தது?" இது வேறொருத்தி.

"ஊசி! கண்ணுக்குக் கண் ஊசியாலை குத்திப்போட்டு, துளை தெரியாமல் மேலை சாம்பலைப் பூசித் தாறா. எங்களுக்கு நல்லாய் வந்திட்டால், அடுத்தமுறை அவவின்ரை படலையை ஆர் திறக்கிறது?"

"சீ! மச்சாள்காரிக்கே?"

"மச்சாளுக்குத்தான் வடிவாய்க் குத்தினது. எனக்கெண்டு பொறுக்கியெல்லே தந்தவ!"

ஞானாம்பிகைக்கு வாளியைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை, திரும்பிப் போகவும் தோன்றவில்லை. பதினெட்டு வருடமாக ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளியவள். கமலாவதியின் பிள்ளைகளுக்கு இந்தக் கிணற்றடியில் குளிக்க வார்த்தவள். கோபம் வந்திருந்தால் இரண்டு வார்த்தை கேட்டிருப்பாள். கோபம் வரவில்லை. எவரோ கன்னத்தில் அறைந்துவிட்டுப் போன பிறகு, அறைந்தவர் யார் என்று தேடுகிறவளைப்போல நின்றாள்.

ஊசிக்கதை தெருத்தெருவாக, ஒழுங்கை ஒழுங்கையாகப் போனது. விதைக்கு வந்து படலை திறக்கிற சத்தம் குறைந்தது. கடைசியில் கமலாவதியே ஆள்விட்டுச் சொல்லி அனுப்பினாள்: வருகிற வெள்ளிக்கிழமை ஒழுங்கை வைரவர் கோயிலில் ஞானாம்பிகை கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ணவேண்டும். பண்ணினால் கதை அதோடு முடிந்தது. பண்ணாவிட்டால் ஊர் தெரிந்துகொள்ளும்.

"பண்ணுமன். நீர் குத்தாததைக் குத்தேல்லை எண்டு சொல்லுறதுக்கு என்ன பயம்?" என்றார் முத்துக்குமாரு. "அதுக்கு முன்னம் நான் ஒருக்கால் பாக்கிறன். ஊசித்துளை எண்டு ஒண்டு இருந்தால் என்ரை கண்ணாடிக்குத் தப்பாது. இல்லையெண்டு நானே சந்தியிலை சொல்லுவன்."

ஞாயிற்றுக்கிழமை. கடை பூட்டு. நல்ல வெயில். குழியில் மிஞ்சிக் கிடந்ததில் வெள்ளை பிடித்த கிழங்கொன்றை அவள் எடுத்து வந்தாள். முற்றத்தில் மர வாங்கைப் போட்டு உட்கார்ந்து, அவர் கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டார்.

"துளை இல்லை," என்றார். கிழங்கைத் திருப்பினார். "இதிலையும் இல்லை."

அவளுக்கு மூச்சு வந்தது. அவர் இன்னொருமுறை திருப்பினார். கண்ணாடியைக் கழற்றி, வேட்டித் தலைப்பால் துடைத்து, மறுபடி மாட்டினார்.

"இஞ்சேரும், நீர் எப்ப சாம்பல் போட்டனீர்?"

"மாசியிலை. ஏன்?"

"மாசியிலை போட்ட சாம்பல் ஏன் இப்ப நடக்குது?"

அவள் கண்ணாடியை வாங்கினாள். முதலில் தன் கண்மயிர்தான் தெரிந்தது. பிறகு கிழங்கு மலைபோல எழும்பி வந்தது. வெள்ளை, தூளாக இல்லை. வட்ட வட்டமாக, ஒன்றின்மேல் ஒன்று விளிம்பு ஏறி, குட்டிச் சிப்பிகளை அடுக்கி ஒட்டியதுபோல இருந்தது. அவற்றின் இடுக்குகளில் ஊசிமுனையிலும் சிறிதாக, மஞ்சளாக, எதுவோ அசைந்தது. நின்றது. மறுபடி நடந்தது. ஒன்றல்ல. பார்க்கப் பார்க்க அந்த மலை முழுவதும் நடந்தது.

முத்துக்குமாரு மணிக்கூட்டு இடுக்கியால் ஒரு வட்டத்தை நெம்பினார். மூடி கழன்றது. உள்ளே மஞ்சள் நிறத்தில் ஒரு சின்னப் பை. காலில்லை. கண்ணில்லை. ஆனால் உயிர் இருந்தது.

அவள் கிழங்கைப் போட்டுவிட்டுக் கையை உதறினாள். சேலையில் துடைத்தாள். சேலையிலும் பட்டுவிட்டதென்று அதையும் உதறினாள். எத்தனை பேர் இதைத் தொட்டு நெற்றியில் இழுத்தார்கள்! தாய்மார் தூக்கி வந்த குழந்தைகளின் நெற்றியில் அவளே இழுத்துவிட்டிருக்கிறாள். வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த அதிர்ச்சி அடங்குவதற்குள், அதைவிடப் பெரியது ஒன்று மெதுவாக ஏறி வந்தது. கமலாவதிக்கென்று பொறுக்கிய அந்தக் கடகங்கள்.

மறுநாள் ஒரு பால்மாத் தகர ரின்னுக்குள் கிழங்கைப் போட்டு மூடிக்கொண்டு விவசாயப் போதனாசிரியரிடம் போனாள். கனகரத்தினம் என்று பெயர். இளம் ஆள், ஆனால் அவசரமில்லாதவர். மூடியைத் திறந்ததுமே தலையாட்டினார்.

"செதிற்பூச்சி, அக்கா. செதில் செதிலாய் ஒட்டிக் கிடக்கிறதாலை அந்தப் பேர்."

"நான் கண்டது நடந்ததே, ஐயா."

"நடக்கிறது குஞ்சு மட்டும்தான். தாயின்ரை மூடிக்குக் கீழை இருந்து வெளிக்கிட்டு, கொஞ்ச நேரம் இடம் தேடி அலையும். பிடிச்ச இடத்திலை வாயைக் குத்தினால் பிறகு அசையாது. மெழுகாலையும் தான் கழற்றின தோலாலையும் தனக்கு மேலை ஒரு மூடி கட்டும். கால் போயிடும். உள்ளுக்கை இருந்து சாறை உறிஞ்சி உறிஞ்சி, அங்கையே குஞ்சு பொரிச்சு, அங்கையே செத்துப்போம். ஆணுக்கு மட்டும் சிறகு வரும். அதுக்கு வாயில்லை. கெதியிலை செத்து முடிஞ்சிடும்."

"குழிக்குள்ளை எப்பிடி வந்தது?"

"தோட்டத்திலையே ஒண்டு ரண்டு ஒட்டிக்கொண்டு வரும். நீங்கள் பத்திரமாய் மூடி வைக்கிறியள். அதுக்கு அது கலியாணவீடு. கிழங்கு முளைக்க வைச்சிருக்கிற சாறையெல்லாம் குடிச்சால், பிறகு கண் எப்பிடி வெளிக்கிடும்?"

"அப்ப நான் போட்ட சாம்பல்தான் பிழையோ?"

"சாம்பலிலை பிழை இல்லை. ஆனால் சாம்பலுக்குள்ளை இந்த வெள்ளை தெரியாதே அக்கா. உங்கடை பாத்தி ஏன் தப்பினது?"

தேய்த்துக் கழுவுவதைச் சொன்னாள். அவர் சிரித்தார். "தும்பாலை தேய்க்க மூடி கழண்டு போட்டுது. இடுக்கிலை ஒளிச்சிருந்தது மட்டும் தப்பி, குழிக்குள்ளை போனபிறகு திரும்பப் பெருகியிருக்கும்."

செய்யவேண்டியதை ஒழுங்காகச் சொன்னார். வெள்ளை கூடியதை விதைக்கு வைக்கவே கூடாது, எரிக்கவேண்டும். மிச்சத்தைத் தேய்த்துக் கழுவி, மலத்தியன் பூச்சிமருந்து கலந்த தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவிட்டு, நிழலில் உலர்த்தவேண்டும். குழியில் அடுக்குமுன் ஒருமுறை, ஊன்றுமுன் ஒருமுறை. கிண்டிய பாத்தியில் பழைய கிழங்குத் துண்டு ஒன்றும் கிடக்கக் கூடாது. அவள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். வெள்ளை கூடியதை எரிக்கவேண்டும் என்பதை மட்டும் இரண்டுமுறை சொன்னாள். அவ்வளவு காலமும் அவள் செய்தது அதற்கு நேர்மாறு.

வெள்ளிக்கிழமை வைரவர் கோயிலடியில் ஒழுங்கைச் சனம் முழுவதும் நின்றது. பின்னால் வேறு ஊர் ஆட்களும் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார்கள். சூலத்தின் முன்னே கற்பூரம் எரிந்தது. ஊசியால் குத்தவில்லை என்று சொல்லிவிட்டு, அதன்பிறகு பூச்சியைப் பற்றி எல்லோருக்கும் ஆறுதலாகச் சொல்வதென்று ஞானாம்பிகை நினைத்து வந்தாள். கையிலிருந்த துணியில் கண்ணாடியும் ஒரு கிழங்கும் இருந்தன. அவள் வாய் திறக்குமுன் கமலாவதி முன்னே வந்தாள்.

"ஊசியோ உளியோ, அதை விடுங்கோ. நான் கேக்கிறது ஒண்டுதான். எனக்குத் தந்த விதையை எனக்கெண்டு வேறையாய்ப் பொறுக்கி வைச்சுத் தந்தவவோ, இல்லையோ? பொறுக்கேல்லை எண்டு கற்பூரத்திலை அடிச்சுச் சொல்லட்டும். நான் இப்பவே காலிலை விழுறன்."

ஞானாம்பிகை கற்பூரத்தைப் பார்த்தாள்.

"சொல்லுமன்," என்று முத்துக்குமாரு காதோடு சொன்னார்.

"பொறுக்கித்தான் தந்தனான்."

"ஐயோ, வைரவா!" என்று ஒரு கிழவி தலையில் கைவைத்தாள். "உமக்கென்ன விசரே?" என்று முத்துக்குமாரு அவள் கையைப் பிடித்து இழுத்தார். கமலாவதியின் முகத்தில் வென்ற களை வரவில்லை, வெளிறிப் போயிற்று. அவள் தான் சொன்னதையே அதுவரை நம்பியிருக்கவில்லை போலும். பின்னால் நின்றவர்களுக்கு அதற்குமேல் கேட்க எதுவும் இருக்கவில்லை. "ஒத்துக்கொண்டுட்டா, ஒத்துக்கொண்டுட்டா" என்றபடி சைக்கிள்களில் ஏறிவிட்டார்கள்.

"கமலாவதி, எதிலை வெள்ளை கூடவோ அதெல்லாம் உமக்கு எண்டு தேடித் தேடிப் பொறுக்கினனான்," என்றாள் ஞானாம்பிகை. "வேறை ஒருதருக்கும் அப்பிடிக் குடுக்கேல்லை. அது நீறு எண்டு இருந்தன். அது நீறில்லை. இந்தா, வந்து பாரும்."

கமலாவதி கண்ணாடியைக் கண்ணில் வைக்கத் தெரியாமல் தடுமாறினாள். முத்துக்குமாரு பிடித்துக் கொடுத்தார். பார்த்தாள். கனநேரம் பார்த்தாள். கத்தவில்லை. கிழங்கைக் கீழே வைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் நெற்றியை அழுத்தி அழுத்தித் துடைத்தாள். அன்று காலை கோயிலில் பூசிய நல்ல திருநீறும் அதோடு போனது. காலில் விழுவதாகச் சொன்னவள் மணலில் அப்படியே குந்திவிட்டாள். கற்பூரம் அணைந்தது. எவரும் சத்தியம் பண்ணவில்லை.

அந்த மாதமே கமலாவதியின் தறையை எல்லோரும் சேர்ந்து கிண்டினார்கள். சப்பைக் கிழங்கெல்லாம் குவித்து எரித்தார்கள். தையில் ஞானாம்பிகை தகரப் பீப்பாயில் மலத்தியன் தண்ணீர் கலந்து, கையில் பொலித்தீன் பை கட்டிக்கொண்டு, கழுவிய விதையை ஊறப்போட்டாள். சித்திரையில் கொடுத்த கிழங்கு வழுவழுவென்று மஞ்சளாக இருந்தது. வாங்க வந்தவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். "இதென்ன மொட்டை இஞ்சி? நீறைக் காணேல்லையே?" சிலர் கண்டி இஞ்சி வாங்கப் போனார்கள். சிலர் தங்களிடம் கிடந்த வெள்ளை பிடித்ததையே ஊன்றினார்கள். கண்ணாடி வைத்துக் காட்டினால் சிலர் பார்ப்பார்கள். சிலர், சாமி காரியத்தை இப்படிப் பார்க்கக் கூடாது என்று கண்ணை மூடிக்கொள்வார்கள். கமலாவதியின் தறையில் அந்த வருடம் இஞ்சி நன்றாக வந்தது. இருவரும் பழையபடி ஒரே கிணற்றில் அள்ளினார்கள். ஊசி என்ற சொல்லை இருவரும் எடுக்கவில்லை. சேலை தைக்கிற ஊசியைக்கூடக் கமலாவதி, "அந்தக் குத்திறதைத் தாங்கோ மச்சாள்," என்றுதான் கேட்பாள்.

எண்பத்தோராம் ஆண்டு சந்நிதி முருகன் கோயில் திருவிழாவுக்குத் தொண்டைமானாற்றுக்குப் போனார்கள். அன்னதான மடத்தில் பெண்கள் வட்டமாக இருந்து மரக்கறி வெட்டினார்கள். ஞானாம்பிகைக்கும் கமலாவதிக்கும் ஒரு சாக்கு இஞ்சி வந்து சேர்ந்தது. எதிரே இருந்தவள் அவர்களுக்கு முன்பின் தெரியாத ஓர் இளம்பெண். தோல் சீவியபடி கதை சொல்லத் தொடங்கினாள்.

"இஞ்சி எண்டோடனை ஞாபகம் வருது, அக்கா. இணுவில் பக்கம் ஒரு மனுசி இருக்கிறாவாம். விதை இஞ்சி விக்கிறவ. கண்ணெல்லாம் ஊசியாலை குத்திப்போட்டுத்தான் குடுப்பாவாம். வைரவர் கோயிலிலை வைச்சுக் கேக்க, ஓம், குத்தினனான்தான் எண்டு கற்பூரத்திலை அடிச்சுச் சொன்னவவாம்! என்ன நெஞ்சழுத்தம், என்ன!"

கமலாவதியின் கத்தி நின்றுவிட்டது. ஏழு வருடத்துக்குப் பிறகு, ஒரு நாளும் கண்டிராத ஒருத்தியின் வாயிலிருந்து, தன்னுடைய சொல் முகமும் காலும் முளைத்து வந்து எதிரே உட்கார்ந்திருந்தது. ஞானாம்பிகை நிமிரவில்லை.

"பிள்ளை," என்றாள் கமலாவதி. கத்தியைக் கீழே வைத்தாள். "அந்தக் கதையைக் கட்டினவள் நான். என்ரை வாயாலை கட்டினது. ஊசியும் இல்லை, ஒண்டும் இல்லை. அது ஒரு பூச்சி. நீர் சொல்லுற மனுசி இவதான். என்ரை மச்சாள்."

இளம்பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

"சும்மா பகிடி விடாதையுங்கோ, அக்கா! எங்கடை சித்தப்பா அண்டைக்கு அந்தக் கோயிலடியிலை நிண்டவர். அவர் அந்த ஊசியைத் தன்ரை கண்ணாலை கண்டவர்."

வட்டத்தில் இருந்த மற்றவர்கள், "ஓமோ? எப்பிடி ஊசி?" என்று நகர்ந்து கிட்ட வந்தார்கள். ஞானாம்பிகை அப்போதுதான் நிமிர்ந்தாள். அவள் முகத்தில் இரத்தமே இல்லை.

"எந்த ஊசியாம், பிள்ளை? தையல் ஊசியோ, சாக்கு ஊசியோ?"

"சாக்கு ஊசி," என்றாள் அந்தப் பெண், ஒரு கணமும் யோசிக்காமல்.